ப்ளே ஸ்கூலில் "வேற இடம் பாருங்க" என்று சொல்வதற்கு முன்: பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் மூன்று, நான்கு வயதுக் குழந்தையை "சஸ்பெண்ட் செய்கிறோம்" என்று எந்த ப்ளே ஸ்கூலும் எழுதிக் கொடுக்காது. போன்தான் வரும். "இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்து கூட்டிட்டுப் போயிடுங்களேன்." அடுத்த வாரம், "ரெண்டு நாள் வீட்ல வச்சுப் பாருங்க." அப்புறம், "அவனுக்கு இன்னும் ரெடினெஸ் வரலை மேடம், அடுத்த வருஷம் கொண்டு வாங்க." கடைசியில், "குழந்தையோட நல்லதுக்குத்தான் சொல்றோம், வேற இடம் பாருங்க." கன்னடத்தில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் சாரம் இதுதான். முதல் போனுக்கும் கடைசிப் போனுக்கும் நடுவில் சில வாரங்கள் கிடைக்கும். அந்த வாரங்களில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இது ஆரம்பித்தபோது பையனுக்கு மூன்றரை வயது. கடிப்பான். கே.ஆர்.புரம் பக்கம் ஒரு ப்ளே ஸ்கூல், பெயர் வேண்டாம். யாரிடம் போவது, எந்தக் காகிதம் வேண்டும், எவ்வளவு செலவு என்று சொல்ல ஆளே கிடைக்கவில்லை. அலைந்து அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அவன் அதே பள்ளியில்தான் யு.கே.ஜி. முடித்தான். கடிப்பது, தள்ளுவது, வகுப்பை விட்டு ஓடுவது, நாள் முழுக்க அழுவது, டாய்லெட் பழகாதது என்று எதற்காகப் போன் வந்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றே. கட்டணங்கள் நான் விசாரித்த இடங்களை வைத்துச் சொல்பவை; உங்கள் ஏரியாவில் முன்பின் இருக்கலாம்.

பள்ளியில் குழந்தையை அடித்தார்கள், அறையில் பூட்டினார்கள் என்று சந்தேகம் இருந்தால் மட்டும் நேராக 8-வது பகுதிக்குப் போங்கள். மற்றவர்கள் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதல் போன் வந்த அன்றே எழுத்துக்குக் கொண்டு வாருங்கள்

போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. இந்தப் பள்ளிகளில் சென்டர் ஹெட் அடிக்கடி மாறுவார். மிஸ் நடு வருடத்தில் வேலையை விட்டுப் போவார். புதிதாக வருபவருக்கு உங்கள் குழந்தையைப் பற்றிக் கிடைக்கும் ஒரே தகவல், "அந்தக் கடிக்கிற பையன்." அதனால் போன் வந்த அன்று மாலையே ஒரு மெயில் அனுப்புங்கள். வாட்ஸப் என்றால் பள்ளியின் எண்ணுக்குத் தனியாக. வகுப்பு குரூப்பில் ஒரு எழுத்துகூட வேண்டாம். நான் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி:

"இன்று காலை 11.20-க்கு நீங்கள் போனில் சொன்னதன் பேரில் 11.50-க்கு வந்து மகனை அழைத்துச் சென்றேன். வழக்கமான நேரம் 12.30. பக்கத்துக் குழந்தையைக் கடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். அந்தக் குழந்தை இப்போது நலமா? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அறையில் யார் இருந்தார்கள், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால், வீட்டிலும் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்வோம். இந்த வாரம் 20 நிமிடம் நேரில் பேச நேரம் கொடுங்கள்."

சண்டைக்கு நிற்கும் தொனி கூடாது. அடுத்த குழந்தை நலமா என்ற வரியை விட்டுவிடாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி அது, பள்ளியும் அதைக் கவனிக்கும். பதில் வரவில்லையா, மூன்று நாள் கழித்து அதே மெயிலின் கீழ் "நினைவூட்டல்" என்று ஒரு வரி போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கூப்பிட்டதும் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு ஓடி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். கடித்தால் அம்மா வருவாள் என்பது மூன்றரை வயதுக்கு இரண்டே தடவையில் புரிந்துவிடும். வீட்டுக்குப் போக ஆசைப்படும் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதுதான் தண்டனை என்றால், அது தண்டனையே இல்லை. காய்ச்சல், காயம் தவிர வேறு எதற்குக் கூப்பிட்டாலும், "வழக்கமான நேரம் வரை வைத்திருங்கள், தேவைப்பட்டால் நான் வந்து பக்கத்தில் உட்கார்கிறேன்" என்று சொல்லுங்கள். போகத்தான் வேண்டும் என்றால், அங்கேயே கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து, பத்து நிமிடமாவது வகுப்பில் திரும்ப உட்கார வைத்துவிட்டு, அப்புறம் கிளம்புங்கள். வாசல் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது நேரத்துக்குப் பக்கத்தில் "பள்ளி அழைத்ததால்" என்று எழுதுங்கள். "பெற்றோர் விருப்பம்" என்று அவர்கள் எழுத விடாதீர்கள்.

2. சேர்க்கையின்போது படிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தேடி எடுங்கள்

எல்லாரும் அப்படித்தான் போட்டிருப்போம். அதில் மூன்று இடம் பாருங்கள். நிர்வாகம் எந்த நேரமும் சேர்க்கையை ரத்து செய்யலாம் என்று ஒரு வரி இருக்கிறதா, அதற்கு முன் எழுத்தில் அறிவிப்பு உண்டா. நடுவில் விலகினால் எந்தக் கட்டணம் திரும்பும். கடிப்பது, அடிப்பது பற்றிப் பள்ளிக்கென்று தனி நடைமுறை ஏதாவது உண்டா. நடைமுறை இருந்தால் அவர்களும் அதன்படிதான் போக வேண்டும். இல்லை என்றால் 6-வது பகுதியில் சொல்லும் திட்டத்தை நீங்களே எழுதிக் கொடுக்க அது நல்ல வாய்ப்பு.

ஒரு ஃபைல் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை (கர்நாடகத்தில் பிரசவம் என்றால் தாய் கார்டும்), குழந்தையின் ஆதார் நகல், கட்டண ரசீதுகள், சேர்க்கைப் படிவம், டைரியில் மிஸ் எழுதிய பக்கங்களின் போட்டோ, மெயில்களின் பிரிண்ட். ஆஸ்பத்திரியிலும் இதையேதான் கேட்பார்கள், புகார் கொடுக்கும் இடத்திலும் இதையேதான்.

3. முதலில் குழந்தை மருத்துவர், மற்றதெல்லாம் பிறகு

"பிஹேவியர் பிராப்ளம்" என்று பள்ளி சொன்ன உடனே தெரபி சென்டரைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் வழக்கமான குழந்தை மருத்துவரிடம் போய் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள்.

முதலில் காது. இந்த ஊரின் குளிருக்கும் பூந்துகளுக்கும் சளி விட்டு விட்டு வரும். நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் வலியே இல்லாமல் கேட்பது மங்கிவிடும். வீட்டில் அமைதியான அறையில் கூப்பிட்டால் திரும்பும் குழந்தை, இருபது பேர் கத்தும் வகுப்பில் மிஸ் சொல்வதைக் கேட்டிருக்கவே மாட்டாள். பெயர், "சொல் பேச்சு கேக்கறதில்லை." காதுப் பரிசோதனை தனியார் இடத்தில் 500 முதல் 1,500 ரூபாய்க்குள் முடியும், அரை மணி நேர வேலை. ஐந்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து தூக்கம். 3, 4 வயதுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பா ஒயிட்ஃபீல்டிலிருந்து டிராஃபிக்கில் நீந்தி ஒன்பதரைக்கு வந்து, அவரோடு விளையாடி, பதினொரு மணிக்குப் படுத்து, ஏழு மணிக்கு வேனுக்கு எழும் குழந்தைக்கு அந்தக் கணக்கு எங்கே வரும்? குறட்டை விட்டால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வீங்கும் சதை) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மலச்சிக்கல், வயிறு இறுகிய குழந்தைக்கு எல்லார் மேலும் கோபம் வரும், டாய்லெட்டும் பழகாது. பிறகு இரத்தசோகை, கண். அவ்வளவுதான்.

முடிவில், "பரிசோதித்தேன், இவை சரியாக உள்ளன" அல்லது "இதற்குச் சிகிச்சை நடக்கிறது" என்று மருத்துவரின் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி வாங்குங்கள். கன்சல்டேஷன் 500 முதல் 900. அந்த இரண்டு வரி, நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

4. சம்பவத் தாள்

உண்மையில் எங்களுக்கு வழி காட்டியது இதுதான். ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து கட்டம்: நேரம், அதற்குச் சற்று முன் என்ன, குழந்தை என்ன செய்தது, பெரியவர்கள் என்ன செய்தார்கள், பிறகு என்ன ஆனது. பத்து நகல் எடுத்து மிஸ்ஸிடம் கொடுத்து, "சம்பவம் நடந்தால் மட்டும் ஒரு வரி போதும் மிஸ்" என்று கேளுங்கள். எழுத நேரமில்லை என்பார். நியாயம்தான், வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தாளில் ஒரு வரி இப்படி இருந்தது: "11.10. ஸ்நாக்ஸ் முடிந்து கை கழுவ வரிசை. பின்னால் நின்ற பையன் தள்ளினான். திரும்பித் தோளில் கடித்தான். ஆயா வெளியே தனியாக உட்கார வைத்தார். வரிசையில் நிற்க வேண்டி வரவில்லை." அதற்குக் கீழே இருந்த வரிகளும் 11 மணிக்கும் 11.30-க்கும் நடுவில்தான். வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடும்போது ஒன்றுமில்லை. மணலில் விளையாடும்போது ஒன்றுமில்லை. வாஷ்பேசின் பக்கம், செருப்பு ரேக் பக்கம், அதாவது நெருக்கி நின்று காத்திருக்கும் இடங்களில் மட்டும்.

"அவன் முரடன்" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. வரிசையில் அவனை முதல் ஆளாக நிறுத்துங்கள், அல்லது அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டில் கூடையைத் தூக்கி வைக்கும் வேலையைக் கொடுங்கள் என்று கேட்டோம். பாட்டில் கூடை வேலை செய்தது. உங்கள் குழந்தைக்கு வேறு ஏதாவது இருக்கும்: வேனிலிருந்து இறங்கும் முதல் பத்து நிமிடம், தூக்கக் கலக்கத்தில் வரும் கடைசி அரை மணி, மியூசிக் அறையின் சத்தம். இரண்டு வாரத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படும்.

பள்ளி எழுதியே தர மறுத்தால், குழந்தையை அழைத்து வந்ததும் நீங்கள் கேட்டு எழுதுங்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் "ஏன் கடிச்சே?" என்று கேட்டால் பதில் வராது. "அப்ப எங்க நின்னுட்டு இருந்தீங்க? யாரு பக்கத்துல?" என்று கேளுங்கள்.

5. வீட்டில் தமிழ், பள்ளியில் மூன்று மொழி

தமிழ்க் குழந்தைகளுக்கு இது தனிச் சிக்கல். மிஸ் ஆங்கிலத்தில் பாடுவார், ஹிந்தியில் அதட்டுவார். ஆயா கன்னடத்தில் சாப்பாடு ஊட்டுவார். பக்கத்துக் குழந்தை மலையாளமோ தெலுங்கோ பேசும். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை அங்கே சில மாதம் வாயே திறக்காது. புது மொழிக்குள் போகும் சிறு குழந்தைகளில் பலருக்கு அப்படி ஒரு மௌனக் காலம் உண்டு. வாய்க்கு வராததைக் கையும் பல்லும் சொல்லும். பொம்மையைப் பிடுங்கினால் நம் பிள்ளை "என்னுது, என்னுது" என்று இரண்டு தடவை சொல்லியிருப்பான். அது யாருக்கும் புரியாமல் போய், மூன்றாவதாகக் கடித்தது மட்டும்தான் டைரியில் ஏறும்.

இதற்குச் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள். ஒரு அட்டையில் பத்துத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்திலும் கன்னட எழுத்திலும் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதி மிஸ்ஸிடமும் ஆயாவிடமும் கொடுங்கள். தண்ணி, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, வலிக்குது, வேணாம், போதும், என்னுது, பயமா இருக்கு, தூக்கம் வருது, அம்மா எப்ப வருவாங்க. உங்கள் பிள்ளை வீட்டில் "உச்சா" என்று சொன்னால் அதையே எழுதுங்கள். அகராதிச் சொல் எதற்கு?

அப்புறம் குழந்தைக்குப் பள்ளி மொழியில் மூன்றே மூன்று சொல் பழக்குங்கள்: "ஸ்டாப்", "மை டர்ன்", "ஹெல்ப்". கையை நீட்டி நிறுத்தும் சைகையோடு. நாய் பொம்மையும் கரடி பொம்மையும் வைத்து வீட்டில் நாடகம் போட்டால் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். வகுப்பிலும் அதே சொல், அதே சைகை இருக்கட்டும் என்று மிஸ்ஸிடம் கேளுங்கள்.

ஆயாவோடு பேசிப் பாருங்கள். இந்த ஊரில் பல பள்ளிகளில் ஒருவராவது கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக்காரராகவோ, அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய பெங்களூர்த் தமிழராகவோ இருப்பார். சேர்க்கை விளம்பரத்தில் அவர் பெயர் வராது; ஆனால் முதல் மூன்று மாதம் உங்கள் குழந்தையைக் காப்பாற்றுவது அவர்தான். அந்த அக்கா இருக்கும் வகுப்புக்கு மாற்றிக் கேட்பதில் தப்பே இல்லை.

"வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்க மேடம்" என்பார்கள். கேட்காதீர்கள். வீட்டு மொழியில் கோபத்தையும் பயத்தையும் சொல்லத் தெரிந்த குழந்தைதான் அதைப் பிறகு இன்னொரு மொழியிலும் சொல்லும். பாட்டியோடு தமிழில் பேசுவதை நிறுத்தியதால் எந்தக் குழந்தையும் கடிப்பதை நிறுத்தியதில்லை.

6. பள்ளியோடு சந்திப்பு: கையில் ஒரு பக்கத் திட்டம்

சம்பவத் தாள்கள் இரண்டு வாரத்துக்குச் சேர்ந்ததும் சந்திப்புக்கு நேரம் கேளுங்கள். இருவரும் போங்கள். தாத்தா பாட்டியை அழைத்துப் போக வேண்டாம். "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தால் இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும். குழந்தையும் அறையில் இருக்கக் கூடாது. தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

கொண்டு போகும் பக்கத்தில் நாலு வரி போதும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் பிரச்சினை வருகிறது. அந்த நேரத்தில் பள்ளி செய்யப் போகும் ஒரே ஒரு மாற்றம். வீட்டில் நாங்கள் செய்யப் போவது. எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்போம். மூன்றிலிருந்து நான்கு வாரம் கேளுங்கள். ஒரு வாரத்தில் எந்தக் குழந்தையும் மாறாது. மாறும்போதும் ஒரேயடியாக நிற்காது, வாரத்துக்கு நாலு என்பது இரண்டாகும். அந்தக் குறைவைக் காட்டத்தான் தாள்.

வகுப்பில் எத்தனை குழந்தை, எத்தனை பெரியவர் என்று கேளுங்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு வகுத்த ஒழுங்குமுறை வழிகாட்டுதல்களில் 20 குழந்தைக்கு ஒரு ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. முப்பது குழந்தைக்கு ஒரு மிஸ் என்றால் கடி விழத்தான் செய்யும். அந்த மிஸ்ஸைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தால் நமக்கே வாய் அடைத்துவிடும்.

சங்கிலிப் பள்ளிகளில் தலைமை அலுவலகத்தில் ஒரு கவுன்சிலர் இருப்பார். அவரை வகுப்புக்கே வந்து ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் 2005-ல் அரசு நிதி பெறும் பிரீஸ்கூல்களை ஆராய்ந்தபோது, 1,000-க்கு 6.7 குழந்தைகள் வெளியேற்றப்படுவது தெரிந்தது. பிரீஸ்கூலுக்கு மேற்பட்ட பள்ளி வகுப்புகளில் நடப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல். வகுப்புக்கே வந்து ஆசிரியருக்கு உதவும் மனநல ஆலோசகர் இருந்த இடங்களில் வெளியேற்றம் குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வில்தான் வந்தது. குழந்தையை ஆபீஸ் அறைக்கு அழைத்து வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுதும் குறிப்பால் இந்தப் பலன் கிடைக்காது.

சந்திப்பில் இரண்டு காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று, "மறுபடி நடந்தால் நாங்களே அழைத்துச் சென்றுவிடுவோம்" என்ற உறுதிமொழி. இன்னொன்று, "சொந்தக் காரணங்களுக்காக விலக்கிக்கொள்கிறோம்" என்ற மெயில். "ரெஃபண்ட் ப்ராஸஸ் பண்ண வசதியா இருக்கும்" என்று நைச்சியமாகக் கேட்பார்கள். அதை அனுப்பிவிட்டால் அவர்கள் வெளியேற்றவே இல்லை, நீங்களாகப் போனீர்கள் என்று ஆகிவிடும். வீட்டில் பேசிவிட்டு எழுதுகிறோம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

கடிபட்ட குழந்தையின் அம்மாவைத் தெரியும் என்றால் தனியாகப் போய்ப் பாருங்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள். நம் பிள்ளைக்கு வக்காலத்து வாங்காமல், என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். பல பள்ளிகள் முடிவை மாற்றுவது மற்ற பெற்றோரின் நெருக்கடியால்தான். அந்த நெருக்கடி தணிந்தால் சென்டர் ஹெட்டும் தணிவார்.

7. "அசெஸ்மென்ட் எடுத்துட்டு வாங்க" என்றால்

குழந்தையின் வளர்ச்சியை ஒரு நிபுணரிடம் மதிப்பீடு செய்து வரச் சொல்கிறார்கள். இதைக் கேட்டு இடிந்து போக வேண்டாம், எடுத்தெறிந்தும் பேச வேண்டாம். பேச்சு தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, கண் பார்த்துப் பேசாமை, ஏற்கெனவே பேசிய சொற்கள் குறைவது இவற்றில் ஏதாவது இருந்தால் பள்ளி கேட்கும் முன்பே போக வேண்டும். கடிப்பது மட்டும் என்றால் 3, 4 பகுதிகளை முடித்துவிட்டுப் போங்கள்.

அரசு வழி மலிவு, நேரம் அதிகம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸில் குழந்தை மற்றும் வளரிளம் பருவ மனநலத் துறை தனியாகவே இருக்கிறது. பதிவுக் கட்டணம் மிகக் குறைவு, பி.பி.எல். (வறுமைக்கோட்டுக்குக் கீழ்) அட்டைக்குச் சலுகை உண்டு. காலையில் சீக்கிரம் போய், அந்த நாள் முழுக்கப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு, மாற்று உடை, விளையாட்டுச் சாமான் எடுத்துப் போங்கள். பக்கத்திலேயே இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம். தமிழில் பேசினாலும் சமாளிக்கலாம், கன்னடம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரமம் என்ற அரசின் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலைத் தலையீட்டு மையங்களில் வளர்ச்சித் தாமதத்துக்கான பரிசோதனை இலவசம். அங்கன்வாடி வழியாகவும் அனுப்புவார்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழும் உண்டு, கட்டணம் இல்லை.

தனியாரில் மதிப்பீடு 2,000-லிருந்து 10,000 வரை போகிறது. தெரபி ஒரு அமர்வுக்கு 600 முதல் 1,500. பணம் கட்டும் முன் அந்த நிபுணர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டு எண்ணை வாங்குங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் நாளே "ஏ.டி.ஹெச்.டி." (கவனக் குறைவு, அதீதத் துறுதுறுப்பு) என்று சொல்லி ஆறு மாதப் பேக்கேஜ் விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். 4 வயதுக்கு முன் அந்த முடிவுக்கு வர மருத்துவர்கள் தயங்குவார்கள். 6 வயதுக்குள் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சிதான்.

"ஷேடோ டீச்சர் போடுங்க, செலவு உங்களது" என்பதும் வரும். வகுப்பில் உங்கள் குழந்தை கூடவே இருந்து கவனிக்கும் தனி ஆள்தான் ஷேடோ டீச்சர். மாதம் 15,000-க்குக் குறைந்து ஆள் கிடைப்பதில்லை. தேவை என்று மதிப்பீட்டில் எழுதியிருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு, எப்போது விலக்குவது என்று எழுத்தில் கேளுங்கள். வகுப்பில் ஆள் குறைவு என்பதைப் பெற்றோர் பணத்தில் ஈடுகட்டும் வேலையும் நடக்கிறது.

அறிக்கை கைக்கு வந்தால் முழுதையும் பள்ளிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வகுப்பில் என்ன செய்யலாம் என்ற பரிந்துரைப் பக்கம் போதும்.

8. சட்டம் எங்கே உதவும், எங்கே உதவாது

வாட்ஸப்பில் "கல்வி உரிமைச் சட்டப்படி யாரையும் வெளியேற்ற முடியாது" என்று சுற்றும். பாதி உண்மை. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-வது பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகும் அது அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது. ப்ளே ஸ்கூல் மேஜையில் இந்தப் பிரிவைத் தூக்கிப் போட்டால் அவர்களுக்கு வலிக்காது.

குழந்தைக்கு ஆட்டிசம் போன்ற குறைபாடு உறுதியானால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உதவும். அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. புகார் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு. ஏ.டி.ஹெச்.டி. அந்தச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இல்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடி, இருட்டறை, பாத்ரூமில் பூட்டுவது, சாப்பாட்டை நிறுத்துவது இவையெல்லாம் வேறு கணக்கு. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75-வது பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் செய்யும் கொடுமையைக் குற்றமாக்குகிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றே மெயில் அனுப்புங்கள். கர்நாடக மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. எல்.கே.ஜி. ஒரு பெரிய பள்ளியின் அங்கமாக இருந்தால் அந்த ஏரியாவின் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அதிகாரி) ஆபீஸிலும் புகாரின் ஒரு நகல் கொடுத்து, இன்னொரு நகலில் சீல் வாங்குங்கள்.

9. விலகுவது என்றே முடிவானால்

சில இடத்தில் எவ்வளவு செய்தாலும் மனம் வைக்க மாட்டார்கள். தினமும் வெறுப்போடு பார்க்கும் அறையில் குழந்தையை விட்டுவிட்டு நாம் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? அந்த நிலை வந்தால், பள்ளி கேட்டதால் விலகுகிறோம் என்று காரணத்தையும் கடைசித் தேதியையும் சொல்லி மெயில் போடுங்கள். மீதி டேர்ம் கட்டணத்தையும் டெபாசிட்டையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. ஆனால் கல்வியைச் சேவை என்று கருதலாமா என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதால், அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

"அடுத்த வருஷம் வாங்க" என்றால் வயதைக் கணக்குப் போடுங்கள். கர்நாடகத்தில் முதல் வகுப்புக்கு ஜூன் 1-ஆம் தேதி 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. இடையில் தளர்த்தியதும் உண்டு, அந்தந்த ஆண்டின் உத்தரவைப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்த குழந்தைக்குச் சில மாதம் வீட்டில் இருப்பதால் எந்த வருடமும் வீணாகாது. மார்ச், ஏப்ரல் பிறப்பு என்றால் ஒரு வருடம் போகலாம். உடனே வேறு இடம் தேட வேண்டும்.

தேட நல்ல நேரம் தசரா விடுமுறை முடிந்த வாரம். வேலை மாறிப் போகிறவர்களால் நடு வருடத்தில் இடம் காலியாகும், பேரமும் பேசலாம். அங்கன்வாடியையும், எல்.கே.ஜி. இருக்கும் அரசின் கர்நாடகா பப்ளிக் ஸ்கூலையும் கணக்கில் சேருங்கள். பணமும் மிச்சம், சின்ன விஷயத்துக்குப் போனும் வராது. புதுப் பள்ளியில் மறைக்காதீர்கள். "வரிசையில் நிற்க வைத்தால் கடிப்பான், வேலை கொடுத்தால் கடிக்க மாட்டான்" என்று சம்பவத் தாளில் கண்டதைச் சேர்க்கைப் பேச்சிலேயே சொல்லுங்கள். முகம் சுளித்தால் அந்தப் பள்ளி வேண்டாம், கேள்வி கேட்டால் உட்கார்ந்து பேசுங்கள். வருடக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். டேர்ம் டேர்மாகவே கட்டுங்கள்.